தோட்டாவின் அடியிலுள்ள கேப்பு

எங்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பன்றி வேட்டை முடிந்தால், நிரையில் கிடக்கும் வெற்றுத் தோட்டாவைப் பிள்ளைகள் பொறுக்கி வருவார்கள். அதன் அடியில், குழி விழுந்த சிறு உலோக வில்லை தெரிகிறதல்லவா? அதுவே கேப்பு. தீபாவளிக் கேப்பைப் போல அடிபட்டதும் பொறி எழுந்து, உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கிறது.

இதற்கு வித்திட்டவர் ஒரு பாதிரியார்! ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் ஃபோர்சைத். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பளிச்சொளி கண்டு பறவைகள் தப்பின. ஆகவே, அடித்தால் வெடிக்கும் மருந்தை அமைத்து 1807இல் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில், சுட்ட தோட்டாவுக்குப் புதுக் கேப்பு இட்டு மீண்டும் நிரப்புவது அமெரிக்காவில் வீட்டுப் பொழுதுபோக்காகவே ஆயிற்று.

நம் நாட்டுக் கதை வேறு. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள். யாரையும் சுட்டதாக வழக்கில்லை. காவல் நிலையத்தில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் சொன்னது எடுபடவில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இன்றும் தோட்டாவுக்கு உரிமம் வேண்டும். குழி விழுந்தும் வெடிக்காத தோட்டா உண்டு. கண்டால் கையில் எடுத்துப் போகாதீர்கள். கிடக்கும் இடத்தைக் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.