மணிலா ஆக்கிரமிப்பும் சென்னைக் கடற்கரையும் (1762–1764): பிலிப்பைன்ஸ் எதிர்ப்பு வரலாற்றில் ஒரு தமிழகத் தொடர்பு

முன்னுரை

பிலிப்பைன்ஸ் விடுதலை வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் 1872இல் மூன்று குருமார்களுக்கு அளிக்கப்பட்ட மரண தண்டனையிலிருந்து தொடங்குகின்றன. 1892இல் கதிபுனான் இயக்கத்தின் தோற்றம், 1896 டிசம்பர் 30இல் ஓசே ரிசால் சுட்டுக்கொல்லப்பட்டமை, 1898 சூன் 12இல் வெளியான விடுதலை அறிவிப்பு, அமெரிக்கருடனான போர் ஆகியவற்றின் வழியாக 1946 சூலை 4இல் அவ்வரலாறு முடிவடைகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கிளர்ச்சிகள் இதற்கு முன்கதையாகவே இடம்பெறுகின்றன. அம்முன்கதையின் முதன்மையான பகுதியொன்று சென்னைக் கடற்கரையிலிருந்து கப்பலேறியது. 1762இல் மணிலாவைக் கைப்பற்றிய படையும், பின்னர் அந்நகரை ஆண்ட அதிகாரிகளும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தே சென்றனர். தமிழக வரலாற்றாய்வில் இது 'கும்பினியின் வெளிநாட்டுப் படையெடுப்பு' என்ற அளவில் ஓரிரு வரிகளைத் தாண்டுவதில்லை. அதே ஆண்டுகளில் மதுரையில் நிகழ்ந்த கிளர்ச்சியுடன் இதனை இணைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

கடற்கரையும் படைத்திரட்டும்

கோட்டைக்கு வடக்கிலிருந்த ஊர்கள் சிறிது சிறிதாகவே கும்பினியின் கைக்கு வந்தன. எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு தண்டையார்பேட்டையும் 1693இல் அதன் ஆளுகைக்குள் வந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம் முதலிய ஐந்து சிற்றூர்கள் 1708இல் சேர்ந்தன. இன்று துறைமுகமும் ஆலைகளும் நிறைந்துள்ள இக்கரையில் அன்று துறைமுகம் என ஒன்றில்லை. துறைமுகப் பணி 1875இல்தான் தொடங்கியது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் பொருளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து சென்றன. மணிலாப் படையெடுப்பின் வீரர்களும் பீரங்கிகளும் இவ்வாறே கப்பலேறின. பின்னாளில் இராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தை எழுப்பியவர்களும் இத்தகைய படகுச் சமூகத்தாரே. படையெடுப்பு பற்றிய எழுத்துகளில் தளபதிகளின் பெயர்கள் நிறைய உள்ளன; துடுப்புப் பிடித்தவர்களின் உழைப்போ பேசப்படுவதில்லை.

படைத்தலைவர் வில்லியம் டிரேப்பர் இக்கரைக்குப் புதியவரல்லர். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, 1758 டிசம்பரில் கருப்பர் நகரத்தில் நடந்த தெருச்சண்டையில் கோட்டைப் படையை நடத்தியவர் அவரே. அதே முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் தாக்கியவர் கும்பினிச் சிப்பாய்களின் தலைவர் யூசுப்கான். ஒரே போரில் ஒரே பக்கம் நின்ற இவ்விருவரின் பாதைகள் நான்கே ஆண்டுகளில் வேறாயின.

1762 ஆகஸ்ட் தொடக்கத்தில் கடற்படைத் தலைவர் சாமுவேல் கார்னிஷின் கப்பல்கள் சென்னையை விட்டுப் புறப்பட்டன. டிரேப்பர் தரும் கணக்கின்படி, கடற்படையினர் உட்பட ஏறத்தாழ 2,300 பேர் கொண்ட அப்படையில் சிப்பாய்கள் 600 பேர். ஆப்பிரிக்கர், இந்தோ-போர்த்துகீசியர், பிரெஞ்சுப் படையிலிருந்து வந்தவர்கள், ஆயுதமற்ற லஸ்கர்கள் எனப் பலரும் உடன்சென்றனர். கைப்பற்றும் இடத்தைக் கும்பினியிடம் ஒப்படைப்பது, கொள்ளைப்பொருளில் மூன்றிலொரு பங்கை அதற்குத் தருவது என முன்னரே உடன்பாடு காணப்பட்டது. இதற்குப் பின்னணியில் வணிகமும் இருந்தது. சோழமண்டலத் துணி மணிலா சென்று, அங்கிருந்து அகாபுல்கோவுக்குப் போய், மெக்சிகோ வெள்ளியாகத் திரும்பிய நெடுவழியை ஆங்கிலேயர் நன்கறிவர். மணிலாவில் அவர்கள் வெளிப்படையாக வணிகம் செய்ய ஸ்பெயின் தடைவிதித்திருந்ததால், சென்னை ஆர்மீனிய வணிகர்களின் பெயரிலும் கொடியிலும் அவர்களுடைய சரக்கு சென்றது.

இரண்டு எதிர்ப்புகள்

1762 அக்டோபர் 6இல் மணிலா வீழ்ந்தது. நகரைக் கொள்ளையிடாமல் விடுவதற்கு விலையாக நாற்பது இலட்சம் பெசோ கோரப்பட்டது. நவம்பர் 2இல் சென்னை ஆட்சிக்குழுவைச் சேர்ந்த டாசன் டிரேக் மணிலாவின் பொறுப்பை ஏற்றார். எனினும் ஆங்கிலேயரின் ஆட்சி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி வேரூன்றவில்லை. நீதிமன்ற அதிகாரியான சிமோன் தெ அந்தா நகரிலிருந்து தப்பி, பம்பாங்காவின் பகோலோரைத் தலைமையிடமாக்கிப் போரைத் தொடர்ந்தார். அவருடைய படையில் உள்நாட்டு மக்கள் பெருமளவில் இருந்தனர். ஆயினும் அது ஸ்பெயின் மன்னரின் பெயரால் நடந்த எதிர்ப்பு. ஆங்கிலேயருடன் சேர்ந்ததாகக் கருதப்பட்ட சீனர்கள் அதே படையால் கொல்லப்பட்டதையும் மறக்கலாகாது.

வடக்கே இலோகோஸில் எழுந்தது வேறு வகை எதிர்ப்பு. தியேகோ சிலாங் முதலில் ஸ்பெயினின் சார்பில் ஆங்கிலேயரை எதிர்க்க மக்களைத் திரட்ட முன்வந்தார். அது ஏற்கப்படாத நிலையில், திறையையும் கட்டாய உழைப்பையும் ஒழிக்கும் கோரிக்கையோடு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்து விகான் நகரைக் கைப்பற்றினார். பின்னர் மணிலாவிலிருந்த ஆங்கிலேயரின் நட்பை நாடினார். அவர்கள் அவரை இலோகோஸின் ஆட்சியாளராக ஏற்றனர். உதவிப் படை வருமுன், 1763 மே 28இல், அவருக்கு அறிமுகமான மிகேல் விகோஸ் அவரைச் சுட்டுக் கொன்றார். கிளர்ச்சியைத் தொடர்ந்த அவர் மனைவி கபிரியேலா சிலாங் அவ்வாண்டு செப்டம்பரில் விகானில் தூக்கிலிடப்பட்டார்.

மதுரையும் இலோகோஸும்

1763இல்தான் யூசுப்கானும் கும்பினியை விட்டு விலகினார். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு ஆண்ட அவர், மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். சென்னை ஆட்சிக்குழுவின் கண்ணில், ஸ்பெயினை எதிர்த்து ஆங்கிலேயரை நாடிய சிலாங் நண்பர். ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரெஞ்சுக்காரரை நாடிய யூசுப்கான் கலகக்காரர். இருவரும் செய்தது ஒன்றே: தம்மை அழுத்திய ஐரோப்பிய ஆற்றலுக்கு எதிராக அதன் பகைவரின் கொடியைப் பயன்படுத்தினர். இருவருமே தம்மைச் சூழ்ந்திருந்தோரால் வீழ்த்தப்பட்டனர். கொடியைக் கொண்டு துரோகி என்றோ வீரர் என்றோ தீர்ப்பளிக்கும் வழக்கம், தமிழகத்திலும் பிலிப்பைன்ஸிலும் இவ்வரலாற்றைக் குறுக்கிவிட்டது.

எனினும் இவ்வொப்பீட்டை மிகைப்படுத்தலாகாது. சிலாங்கின் கிளர்ச்சி திறைக்கு எதிரானது. யூசுப்கானோ திறை தண்டியவர். பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களைக் கும்பினிக்காக ஒடுக்கியவர். இலோகோஸின் குடியானவரோடு ஒப்பிடத்தக்கவர்கள் அவரால் ஒடுக்கப்பட்டவர்களுள்தான் இருக்கக்கூடும்.

காயிந்தாவில் தங்கியவர்கள்

1763 பிப்ரவரி 10இல் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கையின்போது மணிலா வீழ்ந்த செய்தி ஐரோப்பாவை எட்டியிருக்கவில்லை. நகரம் ஸ்பெயினுக்கே திரும்பியது. 1764இல் ஆங்கிலேயர் வெளியேறினர். சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவை அடுத்த காயிந்தாவில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து அவர்கள் வாழ்ந்ததாக அவ்வூர் வழக்கு கூறுகிறது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அறியப்படுகின்றனர். அவர்கள் தப்பியோடியவர்கள் என்றும் கைவிடப்பட்டவர்கள் என்றும் இருவேறு விளக்கங்கள் உண்டு. அவர்களைக் காலனிய எதிர்ப்பாளர்களாகக் காட்ட விரும்பும் எழுத்துகளுக்கு முதல் விளக்கம் உவப்பானது. ஆனால் படையை விட்டு நீங்குதலும் ஆட்சியை எதிர்த்தலும் ஒன்றல்ல. ஊதியத்துக்காகக் கடல்கடந்த ஒருவர், திரும்புவதைவிடத் தங்குவதே மேல் எனக் கண்டதற்கு அரசியல் காரணம் கட்டாயமில்லை.

அந்நிகழ்வுகளைத் தமிழில் பதிந்திருக்கக்கூடிய ஆனந்தரங்கம் பிள்ளை 1761இலேயே மறைந்துவிட்டார். கும்பினியின் மணிலா ஆலோசனைக் குறிப்புகளோ சென்னை ஆவணங்களின் வரிசையில் அச்சாகியுள்ளன. யூசுப்கான் தொடர்பான கும்பினிப் பதிவுகளும் அதே ஆட்சிக்குழுவினுடையவை. 1764இல் மணிலாவில் ஆங்கிலக் கொடி இறக்கப்பட்ட சில மாதங்களில், அக்டோபர் 15 அன்று, மதுரையில் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். இருவகைப் பதிவுகளையும் நாள்வரிசையில் அருகருகே வைத்துப் படிக்கும் பணி இனித்தான் விரிவாக நடைபெற வேண்டும்.