உள்ளே விடப்படாத பதிவுகள்

ஐபிஎம்மின் 80 பத்தி அட்டை ஒன்றின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால், அந்த அட்டையை இரண்டு பேர் தட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். முதல் ஆள் கீபஞ்ச் எந்திரத்தில் துளை போட்டவர். இரண்டாவது ஆளுக்கு வெரிஃபையர் என்று பெயர். அவர் அதே மூலத்தாளை எதிரில் வைத்துக்கொண்டு, துளையிட்ட அட்டையை 056 அல்லது 059 எந்திரத்தில் செருகி, எல்லாவற்றையும் மறுபடி தட்டுவார். அந்த எந்திரம் புதிதாகத் துளை போடாது. தட்டிய விசையும் ஏற்கெனவே விழுந்திருக்கும் துளையும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்கும். பொருந்தாவிட்டால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். மறுபடி தட்டிப் பார்க்கலாம். மூன்றாம் முறையும் பொருந்தவில்லை என்றால், அந்தப் பத்திக்கு நேர் மேலே அட்டையின் தலையில் வெட்டு விழும். எல்லாம் சரி என்றால்தான் வலது ஓர வெட்டு. கட்டாக அடுக்கிய அட்டைகளைப் பக்கவாட்டில் பார்த்தாலே எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லிவிடலாம்.

சர்வர்களில் டேட்டா லோடர் நிறுவி, அமைத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேகத்தை வைத்தே சொல்கிறார்கள்: நிமிடத்துக்கு இத்தனை அட்டை, விநாடிக்கு இத்தனை வரிசை. எனக்கு அந்த வரலாறு பாதிதான். எது உள்ளே போனது என்பதைவிட, எது உள்ளே விடப்படவில்லை, அதை யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் மானம். ஒவ்வொரு தலைமுறை எந்திரத்திலும் அதற்கென்று ஓர் இடம் இருந்திருக்கிறது.

அந்த இடம் தொடக்கத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்களைக் கையால் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கெடுப்பு 1890-இல் வந்தபோது ஹெர்மன் ஹாலரித்தின் எந்திரங்கள் அந்த வேலைக்கு வந்தன. ஏறத்தாழ 6.3 கோடி மக்கள், ஆளுக்கு ஓர் அட்டை. ஊழியர் அட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்துவார். ஸ்பிரிங் வைத்த ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் மட்டும் ஊசி அட்டையைத் தாண்டிக் கீழே பாதரசக் கிண்ணத்தைத் தொடும், மின்சுற்று மூடும், எதிரில் இருக்கும் பலகையில் அதற்குரிய முள் ஓர் எண் நகரும். அட்டை ஒழுங்காகப் பதிவானால் மணி அடிக்கும். மணி அடிக்கவில்லை என்றால், எங்கோ துளை விட்டுப்போயிருக்கிறது என்று அந்த அட்டையைத் தனியே எடுத்து வைப்பார்கள். கணிப்பொறி என்ற ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, தரவு ஏற்றும் எந்திரத்துக்கு ‘இது உள்ளே போகவில்லை’ என்று சொல்லத் தெரிந்திருந்தது.

தரவு ஏற்றுவதற்கென்றே தனி சர்வர் வைப்பது புதிய ஏற்பாடு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அதுவும் பழசு. ஐபிஎம் 1959-இல் அறிவித்த 1401 சின்ன எந்திரம்தான். பல இடங்களில் அதை 7090 போன்ற பெரிய எந்திரத்துக்குத் துணையாக வைத்தார்கள். காரணம் கணக்குதான். 1401-உடன் வந்த 1402 அட்டை வாசிப்பான் நிமிடத்துக்கு 800 அட்டை படிக்கும். அட்டைக்கு 80 எழுத்து என்றால், விநாடிக்கு ஏறத்தாழ 1,067 எழுத்து. அதே காலத்து 729 வகை டேப் எந்திரம் ஒன்று விநாடிக்கு 41,000 எழுத்துக்கு மேல் படித்தது. விலை உயர்ந்த பெரிய எந்திரத்தை அட்டைக்காகக் காத்திருக்க வைப்பது வீண். அதனால் 1401 அட்டைகளைப் படித்து டேப்பில் எழுதும். ஆபரேட்டர் டேப்பைக் கழற்றி 7090-க்குக் கொண்டுபோய் மாட்டுவார். இன்று நாங்கள் முதன்மை டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாமல் ஒரு ஸ்டேஜிங் சர்வரில் கோப்பை இறக்கிச் சரிபார்த்து, பிறகு உள்ளே அனுப்புகிறோமே, அந்த யோசனையின் பழைய வடிவம் அந்த டேப்.

சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது 1973-இல். அங்கே நிரல் எழுதியவர்களுக்கும் தொடக்கத்தில் அட்டைக் கட்டுதான். கணிப்பொறி மையங்களும், பிறகு 1980, 90களில் பெருகிய டேட்டா என்ட்ரி அலுவலகங்களும் ஆள் தேடியபோது, கைகொடுத்தவை தமிழ்நாட்டின் தட்டச்சுப் பள்ளிகள். தெருவுக்குத் தெரு இருந்த இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த பெண்களுக்கு விரல் ஏற்கெனவே பழகியிருந்தது. நானும் ஹையர் முடித்து அந்த வழியாக வந்தவள்தான். நான் சேர்ந்த இடத்தில் டபுள் கீ முறை இருந்தது. ஒரே படிவத்தை இரண்டு பெண்கள் வெவ்வேறு ஷிஃப்டில் தட்டுவார்கள். ஒருவர் தட்டியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாமவர் மூலப்படிவத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்வார். 059 எந்திரம் போய்விட்டது. அதன் வேலை போகவில்லை.

படிவக் கட்டோடு ஒரு சீட்டும் வரும். எத்தனை படிவம், தொகைகளின் கூட்டல் எவ்வளவு, கணக்கு எண்களின் கூட்டல் எவ்வளவு என்று அதில் இருக்கும். கணக்கு எண்களைக் கூட்டினால் வரும் தொகைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் ஒரு படிவம் தொலைந்தாலோ, ஓர் எண் தப்பினாலோ அந்தக் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். ஹேஷ் டோட்டல் என்பார்கள். இன்று வங்கிக் கோப்புகளின் கடைசி வரியில் வரும் டிரெய்லர் ரெக்கார்டு அந்தச் சீட்டின் வாரிசு.

பிறகு டேட்டாபேஸ்கள் வந்தன. கோப்பை அட்டவணைக்குள் ஏற்றும் மென்பொருள்களும் கூடவே வந்தன. சைபேஸிலிருந்து மைக்ரோசாஃப்டுக்குப் போன பிசிபி, ஐபிஎம் டிபி2-வின் லோட், ஆரக்கிளின் எஸ்க்யூஎல் லோடர் என்று வரிசையாகச் சொல்லலாம். நான் அதிகம் பழகியது கடைசியாகச் சொன்னதோடு. அதற்கு ஒரு கண்ட்ரோல் ஃபைல் எழுத வேண்டும்: தரவு எந்தக் கோப்பில், எந்த அட்டவணைக்கு, எந்தக் குறியில் பிரிப்பது, தேதி எந்த அமைப்பில் இருக்கிறது. ஓட்டி முடித்ததும் லாக் ஃபைல் வரும். ஏற்க முடியாத வரிகள் பேட் ஃபைலில் விழும். நாம் கொடுத்த நிபந்தனைக்குள் வராத வரிகளுக்கு நாம் கேட்டால் டிஸ்கார்டு ஃபைல் தனியாகக் கிடைக்கும். தவறான வரியையும் தேவையில்லாத வரியையும் இப்படிப் பிரித்து வைத்ததில் எனக்கு என்றைக்கும் மரியாதை உண்டு. வேறு எதுவும் சொல்லாவிட்டால் 50 பிழை வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் ஏற்றுவதையே நிறுத்திவிடும். தரவில் ஏதோ அடிப்படையாகவே கெட்டிருக்கிறது, ஆள் வந்து பார்க்கட்டும் என்பது அதன் பொருள்.

பேட் ஃபைலைத் திறந்து வாசித்தால்தான் நம் ஊர்த் தரவின் குணம் தெரியும். முகவரியில் கதவு எண்ணுக்குப் பின் காற்புள்ளி போடாதவர் இல்லை. காற்புள்ளியால் பிரித்த கோப்பில் அந்த வரி ஒரு புலம் அதிகமாக வந்து நிற்கும். தமிழில் ஊர்ப்பெயர் வந்தால் இன்னொரு சிக்கல். ‘திருவல்லிக்கேணி’ என்பது நம் கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் 15 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 45 பைட். அட்டவணை அமைத்தவர் ஊர்ப்பெயருக்கு 40 போதும் என்று வைத்திருப்பார். ஆரக்கிள் வேறு சொல்லாவிட்டால் அந்த 40-ஐப் பைட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுதிய அத்தனை ஊரும் உள்ளே போகும். திருவல்லிக்கேணி வெளியே நிற்கும். பேட் ஃபைலை யாரும் பார்க்காத அலுவலகத்தில், அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பெயர் பட்டியலில் இல்லை என்று வந்து நிற்கும் வரை இது தெரியவே தெரியாது.

வேகத்துக்குக் கொடுக்கும் விலையும் இந்தக் கட்டத்தில்தான் துலங்குகிறது. எஸ்க்யூஎல் லோடரை டைரக்ட் பாத் முறையில் ஓட்டினால், வரி வரியாக இன்செர்ட் செய்யாமல் தரவுத் தொகுதிகளை நேரே கோப்பில் எழுதும். மணிக்கணக்கு வேலை நிமிடக்கணக்காகும். ஆனால் அந்த நேரத்தில் டிரிகர்கள் ஓடாது. செக் கட்டுப்பாடுகளும் ஃபாரின் கீ கட்டுப்பாடுகளும் முடக்கப்பட்டிருக்கும். வாசலில் நிற்கிறவரைச் சற்று ஒதுங்கச் சொல்லிவிட்டு மூட்டைகளை உள்ளே எறிவது போலத்தான். இரவு வேலைக்கு நேரம் குறுகும்போது இதைத் தவிர்க்க முடியாது. ஏற்றியபின் கட்டுப்பாடுகளை மறுபடி இயக்கி, மீறிய வரிகளைத் தேடிப் பிடிப்பதும் வேலையின் பாதி என்று எழுதி வைத்தால் போதும்.

இரவில் நேரம் குறித்துக் கிரான் வைத்துக் கோப்பை ஏற்றிய காலம் மாறி, தரவு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் காலம் வந்தது. அப்படிச் செய்தி செய்தியாக ஓடும் தரவைக் கையாள லிங்க்ட்இன்னில் உருவான காஃப்கா 2011-இல் வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. வெளி அமைப்புகளோடு அதை இணைக்கும் கனெக்ட் பகுதி 2015-இல் சேர்ந்தது. அதில் கெட்ட செய்தி ஒன்று வந்தால் இயல்பாக அந்த டாஸ்க் நின்றுவிடும். பிழையைப் பொறுத்துக்கொண்டு ஓடும் அமைப்பும், கெட்டவற்றைத் தனியே சேர்க்கும் டெட் லெட்டர் கியூவும் 2018-இல் வந்தன. இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கியூவையும் லாகையும் அமைக்காமல் விட்டால், கெட்ட செய்தியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மணியும் இல்லை, வெட்டும் இல்லை, பேட் ஃபைலும் இல்லை. 1890-இன் ஊழியரிடம் இருந்த ஒன்று, இவ்வளவு பெரிய சர்வர் கூட்டத்திடம் இல்லாமல் போய்விடலாம். மென்பொருளில் அதற்கு வசதி உண்டு. அமைப்பவர் கேட்டு வாங்க வேண்டும்.

அதனால் என்னிடம் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் நிறுவலைப் பின்பக்கமிருந்து சொல்லிக்கொடுக்கிறேன். லோடருக்குத் தனி யூசர் கணக்கு, லாகின் இல்லாமல். வரும் கோப்புக்கு ஒரு டைரக்டரி, நடப்பதற்கு ஒன்று, முடிந்ததற்கு ஒன்று. இவற்றுக்கெல்லாம் முன்னால், தள்ளப்பட்டவற்றுக்கு ஒன்று. அது தனி பார்ட்டிஷனில், நிரம்பினால் எச்சரிக்கை வரும்படி. கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு டன் ஃபைல் வந்தபிறகே ஏற்றத் தொடங்க வேண்டும். வந்த எண்ணிக்கை, ஏறிய எண்ணிக்கையும் தள்ளிய எண்ணிக்கையும் சேர்ந்ததற்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை முடிந்தது என்று லாகில் எழுதக் கூடாது.

இவ்வளவும் செய்தபின் நிறுவல் ஆவணத்தில் ஒரு வரி பாக்கி இருக்கும்: தள்ளப்பட்ட பதிவுகளைத் தினமும் காலையில் படிக்கப்போகிறவர் யார்? குழுவின் பெயர் போதாது, ஆள் பெயர் வேண்டும். அட்டைக் காலத்தில் அதற்கென்று ஒரு நாற்காலி, ஒரு சம்பளம், ஒரு பதவி இருந்தது. அந்தப் பதவியை நாம் ஒரு பாராமீட்டராகச் சுருக்கிவிட்டோம். பாராமீட்டர் பதிவைத் தள்ளி வைக்கும். அதை எடுத்துப் படித்து, திருத்தி, மறுபடி ஏற்ற மனிதர்தான் வேண்டும். அந்தப் பெயர் நிரம்பாத வரை நான் நிறுவல் முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதில்லை.