திருகோணமலைக் கடலுக்கு அடியில் எரிவாயு: நில அதிர்வுத் தரவு சொல்வதும் சொல்லாததும்

"எங்கட கடலுக்குள்ள காஸ் இருக்காமே, உண்மையே?" திருகோணமலையில் கடற்றொழிலாளர்களுடன் பேசும் இடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. அதன் பின்னால் இன்னொரு கேள்வியும் வரும்: "இருந்தா, எங்களை எழும்பச் சொல்லுவினமோ?"

இரண்டாவது கேள்வி காரணமில்லாமல் வரவில்லை. 2006இல் சம்பூரில் இருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாகவும், பின்னர் அனல் மின் நிலையத்திற்கான இடமாகவும் அறிவிக்கப்பட்டன. 2015இன் பின்னரே அவர்கள் கட்டங்கட்டமாகத் திரும்ப முடிந்தது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. ஆகவே 'அபிவிருத்தி' என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே முதலில் நினைவுக்கு வருவது காணிதான். இந்தக் கட்டுரையில் இரண்டு கேள்விகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

நிலத்தில் ஏன் தேடுவதில்லை?

எரிவாயு உருவாக, சேறும் உயிரினங்களின் எச்சங்களும் அடுக்கடுக்காகப் படிந்து, பல கோடி ஆண்டுகள் புதைந்து, அளவான சூட்டில் இருந்திருக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் நிலப்பகுதி பெரும்பாலும் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை குவார்ட்சைற் பாறை. கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிய இவ்வகைப் பாறைக்குள் எரிவாயுவைத் தேடுவதில் பயனில்லை. கன்னியா வெந்நீர் ஊற்றும் எரிவாயுவுக்கான அடையாளம் அல்ல. ஆழத்தில் சூடாகும் நிலத்தடி நீர் வெடிப்புகள் வழியாக மேலே வருவதே அது.

கடலுக்குள் நிலைமை வேறு. கிழக்குக் கரையில் இருந்து சற்றுத் தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிறது. துறைமுக வாயிலுக்கு அருகிலேயே பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. அதற்கப்பால் ஆழ்கடல் தரையில், இமயமலையில் இருந்து கங்கையும் பிரமபுத்திராவும் அடித்துவந்த வண்டல் இலங்கையையும் தாண்டித் தெற்கே பரந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். தேடுபவர்களின் கண் இந்தப் படிவுகள் மீதே இருக்கிறது.

எதிரொலியால் வரையும் படம்

ஆய்வுக் கப்பல் ஒன்று பல கிலோமீற்றர் நீளமான கேபிள்களை இழுத்துச் செல்லும். அவற்றில் நீருக்கடியில் ஒலியைப் பதிவுசெய்யும் கருவிகள் வரிசையாக இருக்கும். கப்பலின் பின்னால் உள்ள காற்றுத் துப்பாக்கிகள் சில விநாடிகளுக்கு ஒரு தடவை அமுக்கிய காற்றைச் சட்டென்று வெளியேற்றும். அந்த ஒலி கடல் தரையைத் துளைத்துப் பாறைக்குள் இறங்கும். ஒரு பாறை முடிந்து வேறொரு பாறை தொடங்கும் ஒவ்வொரு எல்லையிலும் அதில் ஒரு பங்கு எதிரொலியாகத் திரும்பும்.

கணக்கு எளிது. கடல் நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். 3,000 மீற்றர் ஆழத்தில் தரை இருந்தால் ஒலி போய்த் திரும்ப 4 விநாடி எடுக்கும். அடுத்த எதிரொலி 6ஆவது விநாடியில் வந்து, இடையில் உள்ள பாறையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 3,000 மீற்றர் என்றால், அந்த எல்லை கடல் தரைக்குக் கீழே 3,000 மீற்றரில் இருக்கிறது. இப்படி இலட்சக்கணக்கான எதிரொலிகளைக் கணினியில் சேர்த்தால் நிலத்தடியின் வெட்டுமுகம் கிடைக்கும். தனித்தனிக் கோடுகளில் எடுப்பது இருபரிமாண ஆய்வு. நெருக்கமான கோடுகளில் எடுத்து முழுப் பரப்பையும் கட்டியெழுப்புவது முப்பரிமாண ஆய்வு.

அந்தப் படத்தில் வல்லுநர்கள் நான்கு விடயங்களைத் தேடுகிறார்கள்: வாயுவை உருவாக்கும் பாறை, அதைத் தேக்கிவைக்கும் நுண்துளைப் பாறை, மேலே கசியவிடாத மூடி, வாயு ஒதுங்கி நிற்கக்கூடிய வளைவு அல்லது முறிவு. நுண்துளைகளில் வாயு நிறைந்தால் ஒலியின் வேகம் குறையும். அதனால் அந்த இடம் படத்தில் வழக்கத்தை விடப் பிரகாசமாகத் தெரியலாம். ஆனால் மிகச் சிறிதளவு வாயு கலந்த நீரும் ஏறக்குறைய அதே பிரகாசத்தைக் காட்டும். இதனால் ஏமாந்து தோண்டப்பட்ட கிணறுகள் உலகெங்கும் உண்டு.

மன்னார் தந்த பாடம்

இலங்கையில் இதற்கான உதாரணம் மன்னார் கடல். 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. பயன்தரும் எண்ணெய் கிடைக்கவில்லை. பின்னர் கெயார்ன் லங்கா நிறுவனம் மன்னார் ஆழ்கடலில் முப்பரிமாண ஆய்வு செய்து, 2011இல் 'சிக்யூ' என்ற ஜப்பானியக் கப்பலைக் கொண்டு தோண்டியது. டொராடோ, பராகுடா ஆகிய இரு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. அதே ஆண்டு தோண்டிய மூன்றாவது கிணறு வறண்டது. 2013இல் தோண்டிய நான்காவதும் பயன்தரவில்லை. 2015இல் நிறுவனம் வெளியேறியது.

நல்ல தரவு கையில் இருந்தும் நான்கில் இரண்டுதான். கிடைத்த வாயுவும் இன்னும் வணிக ரீதியாக எடுக்கப்படவில்லை. ஆய்வு என்பது கண்டுபிடிப்பு அல்ல, கண்டுபிடிப்பு என்பது வருமானமும் அல்ல.

கிழக்கில் நாம் அதற்கும் முந்திய கட்டத்தில் நிற்கிறோம். ஜே.எஸ்-5, ஜே.எஸ்-6 என்ற இரு கடற்பகுதிகள் பற்றிய கூட்டு ஆய்வுக்கு 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனத்துடன் அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. அங்கே பேசப்படுவது இருபரிமாணத் தரவு பற்றியே. "காஸ் கண்டுபிடிச்சாச்சு" என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கிணற்றில்?

சத்தமும் வலையும்

காற்றுத் துப்பாக்கியால் சுனாமி வருமா என்றும் கேட்கிறார்கள். வராது. 2004இல் சுமாத்திரா அருகே நிகழ்ந்த பூகம்பம் ஏறத்தாழ 9.1 அளவுடையது. அதன் சக்தியுடன் ஒப்பிடவே முடியாத சிறு அதிர்வு இது. இதில் வெடிமருந்தும் இல்லை.

ஆனால் பாதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 1990களில் நோர்வேக்கு வடக்கே பாரன்ட்ஸ் கடலில் நடந்த பரிசோதனையில், ஆய்வு நடந்த பரப்பில் கொட், ஹடொக் மீன்களின் பிடிபாடு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஆய்வு முடிந்து 5 நாட்களின் பின்னரும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திருகோணமலைக் கடல் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் வரும் கடல். அவை ஒலியைக் கொண்டே தொடர்புகொள்கின்றன. எண்ணெய்த் திமிங்கிலம் இரை தேடுவதும் ஒலியால்தான். இதனால் பல நாடுகளில் ஒலியை மெதுவாகத் தொடங்கிக் கூட்டுவதும், கப்பலில் கண்காணிப்பாளர் இருப்பதும், திமிங்கிலம் அருகில் தென்பட்டால் தொடங்காமல் பொறுப்பதும் நடைமுறையில் உள்ளன. கேபிள்கள் செல்லும் பாதையில் வலை போட முடியாது. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடல் தடைகளுக்குள் வாழ்ந்தவர்களுக்கு, இன்னொரு "போக வேண்டாம்" எத்தனை நாட்களுக்கு என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

யார் முடிவெடுப்பது?

13ஆவது திருத்தத்தின்படி எண்ணெய் வயல்களும் பெற்றோலியமும் மத்திய அரசுக்குரிய விடயங்கள். 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளச் சட்டத்தின் கீழ் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை உருவாக்கப்பட்டது. கிழக்கு மாகாண சபைக்கு இதில் தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஆய்வுக்குக் கரையில் காணி தேவையில்லை. வாயு கிடைத்து, குழாய் வழியாகக் கரைக்குக் கொண்டுவரத் தீர்மானித்தால்தான் இறங்குதளம், சுத்திகரிப்பு நிலையம், மின் நிலையம் என்று காணி கேட்கப்படும். சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் இதற்கு உதவாது. அவை திரவ எரிபொருளுக்கானவை. எரிவாயுவைத் திரவமாக்கி வைக்க ஏறத்தாழ மறை 162 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும்.

ஆகவே கிராமங்கள் இப்போது அஞ்சி எழும்ப வேண்டியதில்லை. ஆனால் கேள்விகளை இப்போதே கேட்க வேண்டும். கப்பல் எந்தத் திகதியில், எந்தப் பரப்பில் வரும்? அறிவித்தல் தமிழில் கடற்றொழிலாளர் சங்கங்களுக்குக் கிடைக்குமா? இழக்கும் நாட்களுக்கு நட்டஈட்டை யார் கொடுப்பார்? சூழல் மதிப்பீடு எங்கே? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். பதில் வரத் தாமதமானாலும், கேட்டதற்கான திகதி பதிவில் இருக்கும். காணிக்காக அலைந்தவர்களுக்கு அந்தத் திகதியின் பெறுமதி தெரியும்.