நாடாப்புழுவும் அத்தை பையனும்

(டிஸ்கி: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிற ஆசாமிகள் தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது :-))

போன வருசம் என் அத்தை பையனுக்குத் திடீர்னு ஃபிட்ஸ் வந்துச்சு. பெங்களூர்ல ஒரு மேன்ஷன்ல தங்கி வேலை பாக்குறவன். ரூம்மேட் பயந்து போய் கையில சாவிக்கொத்தைத் திணிச்சிருக்கான். இரும்பைப் பிடிச்சா வலிப்பு நிக்கும்ங்கிறது நம்மூர் வைத்தியம். அதுக்கும் வலிப்புக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஸ்கேன்ல மூளையில சின்னதா ஒரு வளையம். "பன்றி நாடாப்புழுவோட கூடு"ன்னு சொல்லிட்டார் டாக்டர்.

அத்தை வீடு முட்டை கூடத் தொடாத வீடு. அப்புறம் என்ன, வீட்டுல பூகம்பம்தான். "ஹாஸ்டல்ல திருட்டுத்தனமா பன்னிக்கறி தின்னிருக்கான்"னு மாமா அவன்கூடப் பேசுறதையே நிறுத்திட்டார். வரன் பாத்துட்டு இருந்த நேரம் வேற. அவன் சத்தியம் பண்ணான், யாரும் நம்பலை. உண்மையைச் சொன்னா நானும் நம்பலை. அதனாலதான் இந்தப் புழுவோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

பன்றிக்கறியில அரிசி மாதிரி வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கிறது கிரேக்கர் காலத்துலயே தெரியும். அரிஸ்டாட்டில் அதை ஆலங்கட்டிக்கு ஒப்பிட்டிருக்கார். மனுசன் குடல்ல நீளமா ஒரு புழு இருக்கிறதும் தெரியும். ஆனா ரெண்டும் ஒண்ணுதான்னு ரெண்டாயிரம் வருசமா யாருக்கும் உறைக்கலை. ரெண்டுக்கும் தனித்தனிப் பேரு, தனித்தனிக் குடும்பம். ஒரே ப்ரோக்ராமை ரெண்டு பேருல சேவ் பண்ணி வெச்சுட்டு, ரெண்டும் வேறன்னு நினைச்ச கதை. கொப்புளம் தானா உருவாகுதுன்னு நம்பினவங்களும் உண்டு.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள்ல முக்கியமானவர் ஜெர்மனியில ஸிட்டாவ் ஊரு டாக்டர் ஃப்ரீட்ரிஷ் க்யூஷன்மைஸ்டர். முயல்கள்ல இருந்த கொப்புளங்களை நாய்க்குக் கொடுத்தார். நாய்க் குடல்ல நாடாப்புழு வளர்ந்துச்சு. மனுசனுக்கு எப்படி நிரூபிக்கிறது? மரண தண்டனைக் கைதி ஒருத்தனுக்கு, அவனுக்குத் தெரியாம, சூப்லயும் சாசேஜ்லயும் கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை முடிஞ்சதும் குடலை அறுத்துப் பார்த்தா குட்டி நாடாப்புழுக்கள்! 1855ல இதை வெளியிட்டார். பின்னாடி இன்னொரு கைதி கிட்டயும் இதையே செஞ்சு, நல்லா வளர்ந்த புழுக்களையே எடுத்தார். அன்னைக்கே இதுக்குக் கண்டனம் வந்துச்சு. படிக்கும்போது எனக்கும் வயித்தைக் கலக்குச்சு. அறிவியல் புத்தகத்துல டாக்டர் பேரு நிக்குது, அந்த ஆளு வெறும் 'கைதி'.

1853ல பெல்ஜியத்துல வான் பெனடன் எதிர்ப்பக்கம் பார்த்தார். நாடாப்புழு முட்டையைப் பன்றிக்குக் கொடுத்தார், தசையில கொப்புளம் வந்துச்சு. வட்டம் முழுமையாச்சு.

இப்போ கதையோட முக்கியமான இடம். வேகாத பன்றிக்கறியில இருக்கிற கொப்புளத்தைத் தின்னா, குடல்ல நாடாப்புழு வளரும். பல மீட்டர் நீளம், ஆயிரம் கண்ணி வரைக்கும் போகும். முத்தின கண்ணி ஒண்ணுல மட்டும் சுமார் 50,000 முட்டை. அது மலத்தோட வெளியே வரும். அந்த முட்டையைப் பன்றி தின்னா, பன்றித் தசையில கொப்புளம். அதே முட்டை கழுவாத கை வழியாவோ, தண்ணி, பச்சைக் காய்கறி வழியாவோ மனுசன் வாய்க்குப் போனா? பன்றிக்கு நடக்கிறதுதான் நமக்கும் நடக்கும். கொப்புளம் தசையில வரும், மூளையிலயும் வரும். அதாவது மூளையில கூடு வர்றதுக்குப் பன்னிக்கறி தின்னிருக்கணும்னே இல்லை!

இந்தியாவுல இருந்து திரும்பின பிரிட்டிஷ் சிப்பாய்கள் பல பேருக்கு, ஊருக்குப் போய் வருசக்கணக்கு கழிச்சு வலிப்பு வந்துச்சு. 1930கள்ல ராணுவ டாக்டர் மக்ஆர்தர் இதுக்குப் பின்னாடி இந்தப் புழு இருக்கிறதைக் கவனிச்சார். 1961ல டிக்ஸனும் லிப்ஸ்கோமும் 450 பேரோட விவரத்தைத் தொகுத்து அறிக்கையே போட்டாங்க.

அப்புறம் நம்ம வேலூர். சிடி ஸ்கேன் வந்த புதுசுல, வலிப்பு வந்தவங்க மூளையில இந்த மாதிரி ஒத்தை வளையம் தெரிஞ்சா, காசநோய்க் கட்டின்னு முடிவு கட்டி மாசக்கணக்கா காசநோய் மாத்திரை கொடுத்துட்டு இருந்தாங்க. சிஎம்சி மருத்துவமனையில மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழு அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதிச்சுப் பார்த்தாங்க. பெரும்பாலும் நாடாப்புழுக் கூடு! 1991ல இதை வெளியிட்டாங்க. இந்த ஒத்தை வளையங்கள்ல நிறைய தானாவே கரைஞ்சு போறதும் தெரிய வந்துச்சு. என் அத்தை பையனுக்குத் தலையைத் திறக்காம மாத்திரையோட போச்சுன்னா, அதுக்குப் பின்னாடி வேலூர்க்காரங்க உழைப்பும் இருக்கு.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல படம் போட்டு மாமாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் உள்ள பார்த்து, "அவனைச் சாப்பிடக் கூப்பிடு"ன்னார். அவ்வளவுதான் மன்னிப்பு. நம்மூரு அப்பாக்கள் வேற எப்படிக் கேப்பாங்க.

அத்தை மட்டும் விடலை. "அப்ப அந்த மெஸ் சமையல்காரன் கையில இருந்துதானே வந்திருக்கும்? எவன்டா அவன்?"

அவர்னு எப்படிச் சொல்ல முடியும் அத்தை? வயித்துல புழு இருக்கிறவனுக்கே அது தெரியாது, பெருசா எந்தத் தொந்தரவும் இருக்காது. தெரிஞ்சா ஒரு வேளை மாத்திரையில போயிடும். கழிப்பறையும் சோப்பும் இல்லாத ஊருல இருந்து வந்தது அவன் குத்தமா? பையன் மேல போட்ட பழியை இறக்கி வெச்ச சூட்டோட இன்னொருத்தன் தலையில ஏத்த வேணாமேன்னு சொன்னேன்.

அத்தை முறைச்சுட்டு, கீரையை ரெண்டாவது தடவை கழுவ ஆரம்பிச்சாங்க.