பிராசஸ் வரம்பு (யூனிக்ஸ்)

யூனிக்ஸ் மரபைச் சேர்ந்த இயக்குதளங்களில், ஒரு பயனர் ஒரே சமயத்தில் எத்தனை பிராசஸ்களை, அதாவது ஓடும் நிரல்களை, வைத்திருக்கலாம் என்பதற்கு விதிக்கப்படும் எல்லை. எல்லை நிறைந்தபின், நினைவகம் தாராளமாக இருந்தபோதிலும், புதிய பிராசஸைப் பிறப்பிக்கும் ஃபோர்க் என்னும் அழைப்பு தோல்வியுறும்.

1975இல் வெளிவந்த யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் கணினி முழுவதற்கும் ஐம்பது இடங்கள் கொண்ட பிராசஸ் அட்டவணை ஒன்றே எல்லையாக இருந்தது. 1979ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பிலோ, பயனர் ஒருவருக்கு இருபத்தைந்து என்ற வரையறை மூலநிரலிலேயே பதிக்கப்பட்டதோடு, அட்டவணையின் கடைசி இடம் ரூட் என்னும் நிர்வாகிக்கு மாத்திரமே உரியதென ஒதுக்கவும் பட்டது. சாமானியப் பயனர்களின் நிரல்கள் மற்ற இடங்களையெல்லாம் நிரப்பிவிட்டாலும், நிர்வாகி ஒரு கட்டளையையாவது இயக்கி நிலைமையைச் சீர்செய்ய வழி வைத்த இந்த ஏற்பாடு, சில வரிகளில் அடங்கிய அபூர்வமான முன்யோசனை. கட்டளைகளைப் பெற்று இயக்கும் பாஷ் போன்ற ஷெல்களில், பிராசஸ்களை நிறுத்தும் கில் கட்டளை உள்ளமைந்திருப்பதும் இதே நோக்கத்தைப் பூர்த்திசெய்வதே. எல்லை நிறைந்த வேளையில், ஒரு பிராசஸைக் கொல்வதற்கு இன்னொன்றைப் பிறப்பிக்க வேண்டிய அவசியமில்லை. அப்போது கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் என்னும் தனி நிரல் ஓடாவிட்டாலும், ஷெல்லிலேயே உள்ளமைந்த எக்கோவுடன் நட்சத்திரக் குறியிட்டுக் கோப்புப் பெயர்களைக் காணலாம்.

பயனரே உயர்த்திக்கொள்ளக்கூடிய மென் எல்லை, அதற்கு உச்சவரம்பான வன் எல்லை என்ற பாகுபாட்டை 1983இன் 4.2பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் பதிப்பு கொணர்ந்தது; பிராசஸ் எண்ணிக்கை அம்முறையில் பிற்பாடே சேர்ந்தது.

லினக்ஸ், ஒரு பிராசஸுக்குள் இணையாக ஓடும் திரெட்டுகளையும் பயனரின் கணக்கில் சேர்க்கிறது; பல திரெட்டுகளை ஓட்டும் ஒரே ஜாவா நிரல் எல்லையைத் தொட்டுவிடக் கூடுமாதலால், இப்படிச் சேர்ப்பது உசிதமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. எல்லையை அறிய உதவும் யூலிமிட் கட்டளை ஷெல்லின் எல்லையை மாத்திரமே காட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸின் உண்மையான எல்லையை, ப்ராக் கோப்பகத்தில் அதன் எண்ணின் கீழுள்ள லிமிட்ஸ் கோப்பில் காணவேண்டும். எல்லைகளை அமைக்கும் லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் செய்யும் திருத்தம் புதிய லாகினுக்கே பலிக்கும். கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி துவக்கும் சேவைகளுக்கு அது செல்லாது. ஓடி முடிந்தும், தாய்ப் பிராசஸ் முடிவைக் கேட்டறியாததால் எஞ்சி நிற்கும் ஜோம்பிகளும் எல்லைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இந்தியாவில், 1988இல் புணேயில் தோன்றிய சி-டாக் நிறுவனத்தின் பரம் 10000 மீக்கணினி, யூனிக்ஸ் வகையைச் சார்ந்த சொலாரிஸில் இயங்கியது. சி-டாக்கின் சென்னைக் கிளையிலிருந்து 2007இல் வெளிவந்த பாஸ் இயக்குதளம், டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டதாகையால், மேற்கூறிய லினக்ஸ் விதிகள் அதற்கும் பொருந்தும்.

பயனர் வாரியாக அல்லாமல் பிராசஸ் குழு வாரியாக வரம்பிடும் வசதி, 2015இல் லினக்ஸ் 4.3உடன் வந்தது.