ஆனந்தில் பெருகிய பாற்செல்வம்

பிழைப்பை நாடிக் குஜராத்துக்கு வந்த தமிழராகிய நாம் நாள்தோறும் இம்மண்ணின் பாலை அருந்துகிறோம். அப்பாலின் வரலாற்றை அறிதல் நம் கடமையன்றோ?

மகி, சேடி என்னும் ஆறுகளுக்கு இடைப்பட்ட செழுநிலம் சரோத்தர் எனப்படும். ஆனந்த் அதன் சிற்றூர்களுக்கு நடுநாயகமான ஊர். அங்கு உழவர் வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தொழுவமே முதற் பள்ளி. எருமைக்குத் தீவனம் இடுதலும், சாணம் அள்ளுதலும், பாற்செம்பு சுமத்தலும் எழுத்தறியும் முன்பே அது பயிலும் பாடங்கள். மழை பொய்த்துப் பயிர் கருகினும், அவ்வீட்டில் உலை எரியச் செய்வது பாற்காசே.

ஆயினும் அக்காசு முழுமையாக வீடு வந்து சேர்ந்ததில்லை. 1945இல் பம்பாய் அரசு நகருக்குப் பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆனந்தில் பாலைச் சேர்த்தனுப்பும் உரிமை பால்சன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நிறுவனத்துக்கும் உழவனுக்கும் இடையே ஒப்பந்தக்காரர் நின்றனர். கறந்த பால் காத்திருக்குமோ? சில மணி நேரத்தில் திரிந்துவிடும். ஆதலின் அவர்கள் சொன்னதே விலையாயிற்று.

மனம் நொந்த உழவர், தம் மாவட்டத்தவரான சர்தார் வல்லபாய் பட்டேலை அணுகினர். கூட்டுறவே வழியென்று அறிவுறுத்திய அவர், மொரார்ஜி தேசாயை அனுப்பிவைத்தார். 1946 ஜனவரி 4 அன்று சமர்க்கா கிராமத்தில் கூடிய மக்கள், ஊர்தோறும் சங்கம் அமைப்பதென்று உறுதி பூண்டனர். அரசு இணங்காமையால் பதினைந்து நாள் பால் தர மறுத்தனர். அன்றன்றைய பாற்காசில் வாழும் குடும்பத்துக்கு அது எத்தகைய நோன்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இறுதியில் அரசு இணங்கியது. அவ்வாண்டு டிசம்பர் 14இல் கைரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார். 1948இல் இரண்டே ஊர்ச் சங்கங்களும் நாளொன்றுக்கு 250 லிட்டர் பாலுமாகப் பணி தொடங்கியது.

1949இல் அரசுப் பணியாளராக ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன், நம் சென்னையில் லயோலாவிலும் கிண்டியிலும் பயின்றவர். விருப்பமின்றி வந்தவர், அம்மக்களின் அன்பில் கட்டுண்டு வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கினார். எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று வெளிநாட்டு வல்லுநர் கூறியதை அவருடைய நண்பர் தலாயா பொய்யாக்கினார். 1955இல் பொடித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார்.

இவற்றினும் பெரிய மாற்றம் ஊர்ச் சங்கத்தின் வாயிலில் நிகழ்ந்தது. காலையும் மாலையும் அங்கே ஒரே வரிசை, முன்வந்தவர் முன்நிற்பர். பத்து எருமை உடையவரும் ஒற்றை எருமை உடையவரும், எச்சாதியினராயினும், அவ்வரிசையிலேயே நிற்றல் வேண்டும். பாலின் அளவும் கொழுப்புச் சத்துமே விலையைத் தீர்மானித்தன. தாய்க்குப் பதிலாகச் செம்புடன் நின்ற சிறுமிக்கும் அதே அளவை, அதே விலை. தன் வீட்டு உழைப்புக்கு மதிப்புண்டு என்பதை அச்சிறுமி அங்கே கற்றாள்.

1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அம்முறையை நாடெங்கும் பரப்பியது. 1998 முதல் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடம் வகிக்கிறது.

தனித்து நின்றபோது விலை கேட்க நாவெழாத மக்கள், சங்கமாகக் கூடியபின் தலைநிமிர்ந்தனர். சங்கம் வைத்து வாழும் நாமும் இதனை நெஞ்சிற் கொள்வோமாக!