மண்புழுவும் நானோத் துகளும்

மண்புழு உழவனின் நண்பன் என்று பள்ளிப் பாடத்திலே படித்திருப்பீர்கள். அந்த நட்பை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு மிகப் பழையதன்று. அறிந்துகொண்ட பின்னும் அந்த நண்பனிடம் அவன் எவ்வாறு நடந்துகொண்டான் என்பதே இன்று நான் சொல்லப் புகும் பொருள்.

1837-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், இலண்டன் நிலவியற் கழகத்தில் 28 வயது இளைஞர் ஒருவர் ஒரு கட்டுரை படித்தார். அவர் சார்லசு டார்வின். உலகைச் சுற்றிய கடற்பயணம் முடிந்து அவர் தாயகம் திரும்பி ஓராண்டே ஆகியிருந்தது. இப்புகழ்மிக்க மனிதர் எடுத்துக்கொண்ட பொருளோ மண்புழு! அவருடைய மாமன் சோசையா வெட்சுவுட்டு தம் ஊர்ப் புல்வெளியை அவருக்குக் காட்டியிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மேலாகத் தூவிய சுண்ணாம்பும் கரிச்சாம்பலும் இப்பொழுது புல்லுக்கடியில் சில அங்குல ஆழத்தில் கிடந்தன. அவற்றை யாரும் புதைக்கவில்லை. மண்புழுக்கள் கீழ்மண்ணை உண்டு மேலே கழித்துக் கழித்து, அவற்றின்மேல் புதுமண்ணைப் போர்த்திவிட்டன.

டார்வின் இதனை அத்துடன் விட்டுவிடவில்லை. 1842 திசம்பரில் தம் வீட்டருகே இருந்த ஒரு வயலில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பச் செய்தார். பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871 நவம்பரில் அவ்வயலின் குறுக்கே ஒரு பள்ளம் வெட்டிப் பார்த்தபோது, 7 அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு போல அக்கட்டிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு விடைக்காக 29 ஆண்டுகள் காத்திருந்த பொறுமையை என்னென்பது! இதற்கிடையில், 1869-இல், ஒருவர் மறுப்பு எழுதினார்: இத்துணைச் சிறிய, வலிமையற்ற உயிர் இத்துணைப் பெரிய வேலையைச் செய்தல் இயலாது என்பது அவர் வாதம். சிறிய காரணம் ஓயாது நிகழ்ந்தால் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்று கூட்டிப் பார்க்கத் தெரியாமையே இம்மறுப்புக்கு அடிப்படை என்று டார்வின் விடையிறுத்தார். 1881-இல் வெளிவந்த தம் கடைசி நூலில், இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். புழுக்களுக்குச் செவிப்புலன் உண்டோ என்று அறிய, தம் மகனை அவற்றின்முன் குழல் ஊதச் செய்ததும் அந்நூலில் உண்டு. புழுக்கள் அந்த இசையைச் சிறிதும் பொருட்படுத்தவில்லை! ஆயின் அவை இருந்த சட்டியைப் பியானோவின்மேல் வைத்து வாசித்தபோது, அதிர்வு உணர்ந்து விரைந்து வளைக்குள் புகுந்தன.

நம் தமிழிலும் இப்புழு பெருமை பெற்றது. அந்நூல் வெளிவந்த பத்தாண்டுகளில், 1891-இல், பேராசிரியர் சுந்தரம் பிள்ளையவர்கள் வெளியிட்ட மனோன்மணீயத்தில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை முன்னிலைப்படுத்தி, அதன் ஓயா உழைப்பை வியந்து பேசுகிறான். கல்லூரி மாணவர்கள் அப்பகுதியை ஒருமுறை எடுத்துப் படித்தல் நன்று.

இனி வரலாற்றின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். டி.டி.டி. என்னும் பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் கண்டார். 1948-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். மலேரியாவை ஒடுக்குவதில் அது செய்த உதவியை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் அமெரிக்காவில் எல்ம் என்னும் நிழல் மரங்களை ஒரு நோய் தாக்கியபோது, அந்நோயைப் பரப்பிய வண்டுகளைக் கொல்ல மரம் மரமாக இம்மருந்தைத் தெளித்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954-இல் தெளிப்புத் தொடங்கியது. அடுத்த வேனிலில் அங்கே வந்த இராபின் பறவைகள் துடித்துத் துடித்து வீழ்ந்தன. பறவைகளின்மேல் மருந்து படவில்லையே, பின் ஏன் இறந்தன?

இப்புதிரை அவிழ்த்தவர் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இராய் பார்க்கர் என்னும் ஆய்வாளர். 1958-இல் அவர் வெளியிட்ட செய்தி இது: தெளித்த மருந்து இலையில் ஒட்டிக்கொண்டது, மழையிலும் கழுவப்படவில்லை. இலையுதிர் காலத்தில் அந்த இலைகள் மண்ணில் விழுந்தன. புழுக்கள் அவற்றைத் தின்று நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொண்டன. வேனிற்காலத்தில் பறவைகள் அப்புழுக்களைத் தின்றன. பெரிய புழுக்கள் 11 இருந்தாற் போதும், ஓர் இராபினைக் கொல்லும் அளவு நஞ்சு அவற்றில் இருந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புழுக்களிற் பல இறக்கவில்லை. மண்ணைத் தோண்டி, புழு நெளிகிறதா என்று மட்டும் பார்த்தவர், எல்லாம் நலம் என்றே சொல்லியிருப்பார். இவ்வரலாற்றை இராச்சேல் கார்சன் அம்மையார் 1962-இல் தம் நூலில் உலகறியச் செய்தார். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யை வேளாண்மைக்குத் தடை செய்தது.

இதன் பயனாகப் புதிய இரசாயனப் பொருள்களை மண்புழுவிடம் காட்டிச் சோதிக்கும் வழக்கம் வேரூன்றிற்று. 1984-இல் பன்னாட்டுப் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பு இதற்கு ஒரு முறை வகுத்தது. நூற்றுக்கு 70 பங்கு மணல், 20 பங்கு வெண்களிமண், 10 பங்கு பாசிமக்கு எனச் செயற்கை மண் ஒன்றைக் கலந்து, அதிற் சோதனைப் பொருளையும் சேர்த்து, புழுக்களை விட்டு, 14 நாட்களில் எத்தனை இறந்தன என்று எண்ணுவார்கள். சோதனைக்குரிய புழு எய்சீனியா என்னும் வகை. அது வயற்புழு அன்று, எருக்குழியில் வாழ்வது. வளர்க்க எளிது என்பதால் அதனைத் தேர்ந்தார்கள் போலும்! புழு பிழைத்தாலும் அதன் இனம் பெருகுகிறதா என்று பார்க்கும் 8 வாரச் சோதனை 2004-இல்தான் அதே அமைப்பின் முறைகளுள் இடம்பெற்றது. பிணத்தை எண்ணுவதிலிருந்து பிறப்பை எண்ணுவதற்கு வர 20 ஆண்டுகள் ஆனது நீண்ட காலமென்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த 2004-ஆம் ஆண்டிலேயே வேறொரு பொருள் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. அதுதான் நானோத் துகள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை இப்பெயரால் வழங்குகிறார்கள். இத்தகைய துகள்கள் இயற்கையிலும் உண்டு. எரிமலைப் புகையிலும் அடுப்புப் புகையிலும் அவை உள்ளன. மனிதன் வேண்டுமென்றே ஆக்குபவை வேறு. வெல்லக்கட்டியைக் காட்டிலும் பொடித்த வெல்லம் விரைவிற் கரைகிறதன்றோ? எடை ஒன்றாயினும், பொடித்தால் வெளிப்பரப்பு மிகுகிறது. வெள்ளியை அவ்வாறு நுண்ணிதாக்கினால், கட்டி வெள்ளி காட்டாத வேகத்தில் அது அயனிகளை வெளிவிட்டு நுண்ணுயிர்களைக் கொல்லும். இத்துகள்களின் விளைவு நன்கு தெரியும்வரை அவற்றைச் சூழலில் விடுவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்று இலண்டன் இராயல் சொசைட்டியும் இராயல் பொறியியற் கழகமும் 2004-இல் கூட்டாக அறிக்கை விடுத்தன.

ஆனால் துகள் அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. நாற்றம் வராதிருக்க வெள்ளித் துகள் ஏற்றிய காலுறைகள் கடைக்கு வந்துவிட்டன. 2008-இல் அரிசோனாவில் இரண்டு ஆய்வாளர்கள் அத்தகைய காலுறைகளை வெறும் நீரில் அலசிப் பார்த்தனர். பல காலுறைகளிலிருந்து வெள்ளி நீரில் இறங்கிற்று. வீட்டுக் கழிவுநீர் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறது. அங்கே வெள்ளியின் பெரும்பங்கு அடியிற் படியும் சேற்றிலே தங்குகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அச்சேற்றை வயலுக்கு உரமாக இடுகிறார்கள். 2010-இல் அத்தகைய சேற்றில் நானோ அளவுள்ள வெள்ளிச் சல்பைடு இருத்தலைக் கண்டனர். இதில் ஓர் ஆறுதலும் உண்டு: கந்தகத்தோடு சேர்ந்த வெள்ளி எளிதிற் கரையாது, அதன் நச்சுத்தன்மை குறைவு. எனினும் வீட்டிலிருந்து வயலுக்கு வழி திறந்துவிட்டது.

வயலில் காத்திருப்பது நம் பழைய நண்பன். மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை, ஈரத்தோலாலேயே மூச்சுவிடுகிறது, மண்ணையே உண்கிறது. ஆகவே மண்ணில் உள்ளது எதுவாயினும் அதன் புறத்தும் அகத்தும் படாமல் இராது. கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெள்ளி கலந்த மண்ணையும் கலவாத மண்ணையும் வைத்துப் புழு எப்பக்கம் செல்கிறது என்று நோக்கி, 2011-இல் வெளியிட்டனர். வெள்ளி உப்புக் கலந்த மண்ணை விட்டுப் புழுக்கள் உடனே விலகின. வெள்ளித் துகள் கலந்த மண்ணைவிட்டும் விலகின. ஆனால் 48 மணி நேரத்தில் மெல்ல மெல்ல விலகின. அவ்வட்டாரத்து ஆய்வாளர்களே பொன் துகள் கலந்த மண்ணில் புழுக்களை வளர்த்து, அப்புழுக்களை இளந்தவளைகளுக்கு இரையாகக் கொடுத்துப் பார்த்தனர். 2012-இல் வந்த முடிவு இது: மண்ணிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து தவளைக்கும் செல்லும்போது பொன்னின் அளவு படிக்குப் படி பெரிதும் குறைந்தது. டி.டி.டி.யைப் போல அது பெருகவில்லை. ஆயினும் துகளை நேரே வாயில் ஊற்றியபோது ஏறியதைவிட, புழு வழியாக வந்தபோது பொன் தவளையின் உடலில் நன்றாக ஏறிற்று. இராபினின் கதையைப் படித்தவர்கள் இச்செய்தியை எளிதாகக் கடந்துபோக இயலாது.

புழுவின் திறம் பற்றி ஒரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். 2013-இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியினர் காட்மியமும் டெலூரியமும் கலந்த மண்ணில் 11 நாட்கள் புழுக்களை வைத்திருந்தனர். நஞ்சை ஒதுக்கும் முயற்சியில் அப்புழுக்கள் தம் உடலுக்குள்ளேயே ஒளிரும் நானோத் துகள்களை ஆக்கிவிட்டன! தொழிற்கூடத்தில் அரும்பாடுபட்டுச் செய்வதைச் சேற்றில் கிடக்கும் உயிர் செய்துகாட்டியது.

இனி, எனக்கு எல்லாவற்றினும் முக்கியமாகத் தோன்றும் ஆய்வுக்கு வருகிறேன். அது 2015-இல் வெளிவந்தது. வெள்ளி உப்பை ஒரு மண்ணிலும் வெள்ளித் துகளை ஒரு மண்ணிலும் கலந்து, 1 வாரம், 9 வாரம், 30 வாரம், 52 வாரம் எனப் பழக விட்டு, ஒவ்வொரு தவணையிலும் அம்மண்ணில் எய்சீனியாப் புழுக்களை விட்டார்கள். உப்பைப் பொறுத்தவரை நாட்செல்ல நாட்செல்ல மண் அதனைப் பற்றிக்கொண்டது, நஞ்சு தணிந்தது. நாம் எதிர்பார்ப்பதும் அதுவே. துகளோ நேர்மாறாக நடந்தது. முதல் வாரத்தில் அது சாதுவாக இருந்தது. பின்னர் மெல்லக் கரைந்து அயனிகளை விட்டது. காலம் ஏற ஏற அதன் கடுமையும் ஏறிற்று. புதிதாகக் கலந்த மண்ணிற் செய்யும் குறுங்காலச் சோதனை இத்துகளின் தீங்கை முழுவதும் காட்டாது என்பதே அவ்வாய்வாளர்கள் கண்ட முடிவு. நெடுங்காலம் சென்றால் உப்பும் துகளும் ஒரே அளவு நஞ்சாக முடியும் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அந்த மண் ஆய்வுக்கூடத்தில் 52 வாரம் இருந்தது. டார்வினின் வயலில் சுண்ணக்கட்டி 7 அங்குலம் இறங்க 29 ஆண்டுகள் ஆயின. சேற்றெருவோடு வயலுக்குச் சென்ற வெள்ளி, 2010-இலேயே அங்கு உள்ளதென்று கொண்டாலும், அக்கணக்கில் இன்னும் பாதி வழியையே கடந்திருக்கிறது.